வலிக்காத கால்

எங்கள் அண்ணியை யாராவது ‘தங்கமான மனசு’ என்று புகழ்ந்தால் எனக்குச் சிரிப்பு வரும். அது அண்ணியின் காதில் விழுந்துவிட்டால் புகழ்ந்தவர் பாடு திண்டாட்டம். போன வருடம் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி கடைக்கே வந்து, “எதிரிக்கும் நல்லது செய்யற மனசு எத்தனை பேருக்கு வரும்?” என்று கண் கலங்கினாள். அண்ணி தைத்துக்கொண்டிருந்த நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, “நல்லதா? உள்ள கைய விட்டுப் பாத்தீங்களா?” என்றாள். நர்ஸ் திருதிருவென்று விழித்துவிட்டுப் போனாள். எனக்கு மட்டும்தான் அதன் அர்த்தம் தெரியும். அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணி என் அண்ணனின் மனைவி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போகும் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நிற்கிறதே, அந்த ஷூ கடை எங்களுடையது. முன்னறையில் உயரமான நாற்காலி ஒன்று, கால் வைக்க முக்காலி ஒன்று, வருகிறவர்கள் தங்கள் உள்ளங்காலைத் தாங்களே பார்க்கும்படி தரையோடு சாய்த்து வைத்த கண்ணாடி ஒன்று. பின்னறையில் என் தையல் மெஷின், அண்ணியின் மேஜை, அலமாரி முழுக்க மாவுக்கட்டில் வார்த்த கால் அச்சுகள். புதிதாக வருகிறவர்கள் அந்த அலமாரியைப் பார்த்தால் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சர்க்கரை நோய் முற்றிக் காலில் உணர்ச்சி செத்தவர்கள். அவர்களுக்குச் சாதாரண ஷூ ஆகாது. உங்கள் ஷூவுக்குள் ஒரு சின்னக் கல் இருந்தால் இரண்டடி வைப்பதற்குள் துள்ளிக் குதித்து உதறிவிடுவீர்கள். அவர்கள் அந்தக் கல்லோடேயே கடைத்தெருவுக்குப் போய், வண்டி ஏறி, வீட்டுக்குத் திரும்பிச் சாப்பிட்டும் முடித்துவிடுவார்கள். அதற்குள் அங்கே ஒரு குழி விழுந்திருக்கும். குழி புண்ணாகும், புண் அழுகும், முதலில் விரல் போகும், பிறகு பாதம் போகும். கல்கூட வேண்டாம், உள்துணியில் நூல் முடிச்சு ஒன்று துருத்திக்கொண்டு நின்றால் போதும்.

அதனால் எங்கள் கடையில் ஒரு வழக்கம். ஷூ முடிந்ததும் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு வலது கையை உள்ளே விடுவாள். நுனியிலிருந்து குதிகால்வரை, பக்கவாட்டில், மடிப்பில், விரல்கள் ஊர்ந்து போகும். அவர்கள் காலுக்குத் தெரியாதது அவள் கைக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே வலது கையைப் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்து வைத்திருக்கிறாள். பாத்திரம் தேய்ப்பது, காய் நறுக்குவது, என்னை நாலு சாத்து சாத்துவது எல்லாம் இடது கை. வலது கைக்கு எண்ணெய் என்ன, உறை என்ன! “உங்க தாய் வீட்டுல அந்தக் கைக்குத் தனியா சீர் குடுத்தாங்களா?” என்று மருந்துக் கடைக்காரர் கேலி செய்வார். அந்தக் கையில் மோதிரம்கூடக் கிடையாது.

இந்தத் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. அண்ணனும் அவளும் ஷூ தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார்கள். அண்ணன் பசை அறையில், அண்ணி பெட்டி போடும் பிரிவில். அங்கேதான் கல்யாணம் பேசி முடிந்தது. பசை அறை என்றால் அடியையும் மேல்தோலையும் ஒட்டும் இடம். அந்தப் பசையின் நெடிக்கு மூளையே கிறுகிறுக்கும். ஆட்கள் மூச்சு வாங்க அடிக்கடி வெளியே வருவார்கள். அது மேஸ்திரிக்குப் பொறுக்காது. இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்கும் ஆள் அவன், தொழிற்சாலையே அவனைச் ‘சாவிக்கொத்து’ என்றுதான் சொல்லும். வேலை நேரத்தில் பசை அறையை வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போக ஆரம்பித்தான்.

ஒரு நாள் உள்ளே ஒயரில் பொறி பறந்து பசை பற்றிக்கொண்டது. அண்ணி ஓடிப்போனபோது கதவுக்கு இந்தப் பக்கம் சாவிக்கொத்து நின்று, ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். சரியான சாவி அவனுக்குக் கிடைத்தபோது உள்ளே சத்தம் அடங்கியிருந்தது. அண்ணனோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

அண்ணன் செத்ததோடு விட்டானா அந்த மேஸ்திரி? விசாரணையில் அவன் சொன்னது இது: “சாவிய அன்னைக்கு அவன்கிட்டதான் குடுத்திருந்தேன். யாரும் வரக் கூடாதுன்னு உள்பக்கமா பூட்டிக்கிட்டு சிகரெட் பத்த வெச்சான்.” என் அண்ணன் சிகரெட் புகை பட்டாலே இருமி இருமிக் கண் சிவந்துபோகிற ஆள். அண்ணி தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்லுவாள் என்று விட்டுவிட்டார்கள். அன்று முதல் எங்கள் வீடு, இரண்டு பேரைக் கொன்றவனின் வீடு. செத்த பையன் ஒருவனின் அம்மா, தடித்த கண்ணாடி போட்டிருப்பார், எங்கள் வாசலில் வந்து மண்ணை அள்ளித் தூற்றினார். இன்னொருவரின் அண்ணன் டீக்கடை வைத்திருந்தார். நாங்கள் அந்தப் பக்கம் போனால் கொதிக்கிற பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வருவார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அண்ணி ஆஸ்பத்திரியில் துடைக்கிற வேலைக்குப் போனாள். மாவுக்கட்டுப் போடும் அறையில் மாவு குழைத்துக் குழைத்து, அப்படியே கால் அச்சு எடுக்கக் கற்றுக்கொண்டாள். தொழிற்சாலையில் இருந்ததால் தோலும் பசையும் ஏற்கெனவே பழக்கம். சில வருடங்களில் இந்தக் கடை. அண்ணனைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. ஆனால் பசை டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் கடைக் கதவு அகலத் திறந்திருக்க வேண்டும், மழையடித்தாலும் சரி. கதவை நான் ஒரு தடவை சாத்திவிட்டு இடது கையால் வாங்கியது இன்னும் காதில் ஒலிக்கிறது.

இப்படி இருக்கையில்தான் ஒரு நாள் ஒரு பெண் தன் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். “டாக்டர் இங்கதான் ஷூ செய்யச் சொன்னாரு.” நான் தலையை நிமிர்த்தினேன். முடி நரைத்து, உடம்பு வற்றி, இடுப்பில் சாவி இல்லாமல், அவனேதான். வலது காலில் கடைசி இரண்டு விரல்கள் போயிருந்தன. அவனும் அண்ணியைப் பார்த்துவிட்டான். முகத்தில் ஈயாடவில்லை. “வேற எடம் பாக்கலாம்மா” என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான்.

“உக்காருங்க” என்றாள் அண்ணி. “வேற எடம் கெடையாது. கால நீட்டுங்க.”

அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரல் போன இடத்தைத் தடவிப் பார்த்தாள், மாவுக்கட்டுத் துணியைச் சுற்றினாள், அச்சு எடுத்தாள். என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவன் வாசல் தாண்டியதுதான் தாமதம், நான் கத்தரிக்கோலை மேஜையில் எறிந்தேன்.

“அண்ணி, ஒரே ஒரு முடிச்சு. அந்த வெரல் போன எடத்துல, உள்துணில. நான் தெக்கிறேன். அவனுக்குத் தெரியவே தெரியாது.”

அண்ணி அச்சைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். “அவன் நல்லா நடக்கணும்” என்றாள்.

“என்ன அண்ணி பேசறீங்க? என் அண்ணன் உங்களுக்கு யாரு?”

“தெரியாமப் பண்றதுக்குப் பேரு பழியாடீ? பூட்டிட்டுப் போயிட்டு இன்னொருத்தன் தலையில போட்டானே, அவன் பண்ணதும் அதேதானே. அந்த முடிச்ச நீ போட்டா அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? முன்னாடி நின்னு பண்ணணும். அவன் நல்லா நடக்கணும். பேசாம மெஷின்ல உக்காரு.”

எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. அந்த ஷூவுக்கு உள்துணி தைத்தபோது ஒவ்வொரு தையலுக்கும் அவனை ஒரு வார்த்தை திட்டினேன். திட்டித் தைத்தாலும் தையல் நேராகத்தான் விழுந்தது, இல்லாவிட்டால் அண்ணி பிரித்துவிடுவாள். முடிந்ததும் அவள் கண்ணை மூடிக் கையை உள்ளே விட்டாள். மற்றவர்கள் ஷூவுக்குப் பார்ப்பதைவிட அதிக நேரம் பார்த்தாள். வெளியே எடுத்த கையை ஒரு முறை வெறித்துப் பார்த்துவிட்டு, “சரியா இருக்கு” என்றாள்.

அவன் வந்து போட்டுக்கொண்டான். நாலடி நடந்தான். அவன் மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “மாசம் ஒருக்கா கொண்டாந்து காட்டணும்” என்றாள் அண்ணி. எல்லாரிடமும் சொல்வதுதான் அது. உள்ளே தோல் சுருண்டிருக்கிறதா, ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதல் மாதம் வந்தான். மகள் வெளியே மருந்துக் கடையில் நின்றாள். அண்ணி அவன் ஷூவை வாங்கிக் கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடவில்லை, அவன் முகத்தையே பார்த்தாள். தணிந்த குரலில் கேட்டாள்: “அன்னைக்குக் கதவ யாரு பூட்டுனது?”

அவன் தரைக் கண்ணாடியில் தன் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி கையை எடுத்தாள். “உள்ள எதுவும் இல்ல. போட்டுக்கலாம்.” ஷூவைத் தானே மாட்டிவிட்டு, பட்டையையும் பதமாக இழுத்துக் கட்டினாள்.

அடுத்த மாதமும் அதே கேள்வி. அதற்கடுத்த மாதமும். குரலை உயர்த்த மாட்டாள், ஒரு சொல்லைக் கூட்ட மாட்டாள். அவன் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஷூ பார்த்துக் கொடுக்கப்படும், அதில் ஒரு குறையும் வைக்க மாட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பது என்பார்களே, அதை நான் அங்கேதான் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் நாற்காலியில் ஏறும்போதே அவன் கழுத்து வியர்க்கும். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன். பொய் சொல்வானேன், அந்த நாளுக்காக நான் காத்திருந்தேன்.

பிறகு ஒரு தடவை மழை. மகள் வெளியே நிற்க முடியாமல் உள்ளே வந்துவிட்டாள். அண்ணி அவளுக்காகக் கேள்வியை மாற்றவில்லை. “அன்னைக்குக் கதவ யாரு பூட்டுனது?”

“எந்தக் கதவுப்பா?” என்றாள் மகள்.

அவன் ஷூவைப் பிடுங்காத குறையாக வாங்கி மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான். அதற்கடுத்த மாதம் வரவில்லை. ஒரு வாரம் பார்த்தோம். வேலையில் அண்ணியின் மனம் ஒட்டவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விட்டுத் தள்ளுங்க அண்ணி. அவனாத்தான் வராம நின்னுட்டான். கால் போனா போகட்டும். நம்ம கையில ஒரு கறையும் இல்ல” என்றேன். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அண்ணி மேஜைமேல் இருந்த ஒரு ஷூவை எடுத்து என் முன்னால் வைத்தாள். “இதுக்கு அடி நல்லா இருக்கு. மேல்தோலும் நல்லா இருக்கு. உள்ள ஒரு முடிச்சு இருந்தா இது நல்ல ஷூவா?”

“இல்ல.”

“நான் அவனுக்குச் செஞ்சதும் அப்படித்தான். ஷூ சரியா இருந்துச்சு. செஞ்ச வெதமும் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா உள்ள கைய விட்டுப் பாத்தேன், முடிச்சு இருக்கு. நான் அவன் காலுக்காகச் செய்யல. ஊரு என்னய நல்லவள்னு சொல்லுது, எனக்குக் கூசுது. சரி, அது என்னோட. ஆனா நான் கேட்ட கேள்விக்குப் பயந்து அவன் வராம, அதனால கால் அழுகுச்சுன்னா, அந்தப் புண்ணு நான் வெச்ச முடிச்சுதானேடீ? நீ தெக்கிறேன்னு சொன்னியே, அதையே சுத்தி வளைச்சு நான் தெச்ச மாதிரி ஆகும். எழுந்திரு.”

முகவரி ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது. இரண்டு அறை வீடு. அவன் கூடத்தில் நாற்காலியில் இருந்தான், காலில் எங்கள் ஷூ. எங்களைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அண்ணி யாரிடமும் எதுவும் கேட்காமல் அவன் முன்னால் உட்கார்ந்து வலது ஷூவைக் கழற்றினாள். உள்ளே கையை விட்டவள் இரண்டு விரலால் எதையோ எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தாள். பேரப்பிள்ளையின் சட்டையிலிருந்து கழன்ற ஒரு பொத்தான். காலுறையின் அடியில் ரத்தம் ஊறியிருந்தது.

“இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. புண்ணு மேலாகத்தான் இருக்கு, கால் தப்பிக்கும். ஆறுற வரைக்கும் அவரு நடக்கக் கூடாது.” சொல்லிவிட்டு அண்ணி எழுந்தாள். கேள்வியைக் கேட்கவில்லை. வாசல்வரை போய்விட்டாள். நான் கேட்க வாயெடுத்தேன், அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். இடது கையால்தான்.

மகள் பொத்தானைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். “இதுக்குத்தான் போகாம இருந்தீங்களா? ஜொரம், தலைவலின்னு எத்தனை சாக்குச் சொன்னீங்க! அவங்க கேக்கறதுக்குப் பதில் சொல்றத விடக் கால் போறது மேலாப்பா உங்களுக்கு? எந்தக் கதவுப்பா அது? யாரு பூட்டுனது?”

அவன் ரத்தம் பட்ட காலுறையைப் பார்த்தான். “நான்தான்” என்றான். பிறகு மகளுக்கு மொத்தத்தையும் சொன்னான், பொய்ச் சாட்சி உட்பட. இத்தனை வருடம் நான் கேட்கத் துடித்த வார்த்தை. கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் இன்னும் ஏறியது. இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிற ஒன்றையா அடைத்து வைத்திருந்தான்!

“மன்னிச்சிடும்மா” என்று அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டான்.

“எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்?” என்றாள் அண்ணி. “எனக்குத்தான் தெரியுமே. நான் பாத்தவ. தெரியாதவங்க ரெண்டு வீட்டுல இருக்காங்க. அங்க போய்ச் சொல்லணும். கால் ஆறட்டும்.”

“நான் வேணா அவங்கள இங்க கூட்டிட்டு வரட்டுமா?” என்றாள் மகள்.

“வேண்டாம். இங்க வந்தா அவங்க பாக்கறது ஒரு நோயாளிய. ஐயோ பாவம்னு நாலு பழத்த வெச்சிட்டுப் போயிடுவாங்க. காலில்லாம கெடக்கிறவன்கிட்ட யாரு கோவப்படுவா? அவரே நடந்து வரணும். நடக்கத்தானே செஞ்சு குடுத்திருக்கேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் நல்லா நடக்கணும் என்று முதல் நாளே சொன்னாளே, அது இதற்குத்தான். என் முடிச்சு அவனைப் படுக்கையில் போட்டிருக்கும், படுத்தவன் தப்பித்திருப்பான். என் அண்ணியைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

புண் ஆறியது. டாக்டர் நடக்கலாம் என்றதும் மகளே அவனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அண்ணி ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தாள், மாட்டிவிட்டாள். நால்வரும் கிளம்பினோம். அவன் முன்னால், நாங்கள் மூவரும் பின்னால்.

முதலில் கண்ணாடிக்காரம்மாவின் வீடு. வாசலில் செருப்புகள் கிடக்கவே அவனும் கழற்றக் குனிந்தான். “கழட்டாதீங்க. வெறுங்காலோட நிக்கக் கூடாது. வாசல்லயே நின்னு சொல்லுங்க” என்றாள் அண்ணி. அவன் நின்று சொன்னான். கதவைப் பூட்டியது நான். இந்தம்மாவின் புருஷன் சிகரெட் பிடிக்கவில்லை. நான் சொன்னது பொய். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலை முனையில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அவனை மேலிருந்து கீழே பார்த்தார். பார்வை ஷூவில் வந்து நின்றது.

“இத்தன வருஷமும் உனக்குக் கால் இருந்துச்சுல்ல?” என்றார். “நடந்துக்கிட்டுதானே இருந்தே?”

வேறொன்றும் கேட்கவில்லை. கதவைச் சாத்தப் போனவர் எங்களைப் பார்த்தார். அண்ணியின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை, என்னிடம் மட்டும், “நான் மண்ண வாரித் தூத்துனேனே” என்றார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கதவைச் சாத்திக்கொண்டார்.

தெருவில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். டீக்கடை இரண்டு தெரு தள்ளி. சாயங்கால நேரம், கடையில் கூட்டம் நிறைந்திருக்கும், டீக்கடைக்காரரின் கோபமும் ஊருக்குத் தெரிந்ததுதான். அவன் முகமெல்லாம் வியர்வை. மகளைப் பார்த்தான், அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைசியில் அண்ணியைப் பார்த்தான்.

“கால் ரொம்ப வலிக்குதும்மா. இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.”

அண்ணி அவன் அருகில் போய் நின்றாள்.

“உங்களுக்குக் கால் வலிக்காது. வலிக்கிற காலா இருந்திருந்தா நீங்க எங்கிட்ட வந்திருக்கவே மாட்டீங்க. நடங்க.”

அவன் சுவரை விட்டுவிட்டு நடந்தான்.